டோரிக், ஐயோனிக், கொரிந்தியன்: தூண் அளவுகளை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

வரைபலகை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் வரைவாளராக வேலை செய்கிறேன். படித்தது டிப்ளமோ சிவில். சில ஆண்டுகளாக எங்களிடம் வருகிறவர்கள் நிறையப் பேர் ‘ரோமன் தூண் வைத்த எலிவேஷன்’ கேட்கிறார்கள். கணினியில் பிளாக் லைப்ரரி, அதாவது ஏற்கெனவே வரைந்து வைத்த உறுப்புகளின் தொகுப்பு, இருக்கிறது. அதிலிருந்து ஒரு தூணை எடுத்து, தேவையான உயரத்துக்கு இழுத்து, மேலே ஒரு முக்கோணத்தை வைத்து அனுப்பிவிடுவோம். வீட்டுக்காரர் சரி என்றுதான் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்புவதில்லை. ஏதென்ஸ், ரோம் கட்டடங்களின் படங்களில் தெரிகிற நிதானம் எங்கள் வரைபடத்தில் வருவதில்லை. எது குறைகிறது என்று விரல் வைத்துக் காட்டவும் தெரியவில்லை.

இதை அடிப்படையிலிருந்து கற்க வேண்டும் என்று இருக்கிறேன். எந்த நூலில் தொடங்குவது? அளவுகளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? ஐந்து வகைத் தூண்களையும் ஒரே மூச்சில் படிக்கலாமா, ஒவ்வொன்றாகப் போக வேண்டுமா? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுந்தூண் எழுதியது:

தம்பி, ‘தேவையான உயரத்துக்கு இழுத்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எல்லாம் கெடுகிறது. இந்த மரபில் உயரத்தைத் தனியாக, தடிமனைத் தனியாக மாற்ற முடியாது. தூணின் அடிவிட்டம்தான் அலகு. தூணின் உயரம், பீடம், மேலே வரும் உத்தரப் பகுதி, இரண்டு தூண்களுக்கு நடுவில் விடும் இடம், ஒரு சின்ன வளைவு எவ்வளவு துருத்த வேண்டும் என்பது வரை எல்லாமே அந்த விட்டத்தின் மடங்காகவோ பங்காகவோதான் வரும். அதில் பாதியை, அதாவது ஆரத்தை, மாட்யூல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவது வழக்கம்.

தொடங்குவதற்கு இத்தாலியக் கட்டடக் கலைஞர் விக்னோலா போதும். 1562-இல் வெளிவந்த அவருடைய ஐந்து தூண் முறைகள் நூலில் பெரும்பாலும் படங்கள்தான், எழுத்து குறைவு. இத்தாலிய மொழி தெரியாமலே பின்தொடரலாம். இணையத்தில் ஸ்கேன் செய்த பழைய பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தூண் உயரத்துக்கு அவர் சொல்வது: டஸ்கன் 7 விட்டம், டோரிக் 8, ஐயோனிக் 9, கொரிந்தியனும் காம்போசிட்டும் 10. எந்த முறையாக இருந்தாலும் தூணின் உயரத்தில் கால் பங்கு மேலே உள்ள என்டாப்ளேச்சர், மூன்றில் ஒரு பங்கு கீழே உள்ள பெடஸ்டல். இதை இப்படி நினைவில் வையுங்கள்: மொத்த உயரத்தை 19 பங்காகப் பிரித்தால் பெடஸ்டலுக்கு 4, தூணுக்கு 12, என்டாப்ளேச்சருக்கு 3. பெடஸ்டல் வேண்டாமென்றால் ஐந்து பங்கு: தூணுக்கு 4, மேலே 1. நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மற்றது கையில் தானாக ஏறும்.

ஐந்தையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். டஸ்கனை ஒரு முறை முழுதாக வரைந்துவிட்டு டோரிக்கில் நீண்ட நாள் தங்குங்கள். கணினியில் வேண்டாம், தாளும் பென்சிலும் காம்பஸும் போதும். கணினியில் எண்ணைத் தட்டினால் கோடு வந்துவிடும், பங்கு பிரிக்கிற பழக்கம் வராது.

முதல் பயிற்சியாக ஆட்டிக் அடித்தளத்தை வரையுங்கள். ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ், அகஸ்டஸ் காலத்தில் எழுதிய பத்துப் பாகங்களில் மூன்றாவதில் இதைச் சொல்கிறார். அடித்தளத்தின் உயரம் தூண் விட்டத்தில் பாதி. அதில் மூன்றில் ஒரு பங்கு அடியிலுள்ள சதுரப் பலகை. மீதியை நான்காகப் பிரித்தால் மேலே உள்ள உருண்டை வளையத்துக்கு ஒன்று. பாக்கி மூன்றைச் சரிபாதியாக்கினால் ஒரு பாதி கீழ் வளையம், மறுபாதி நடுவில் வரும் குழிவும் அதன் மெல்லிய பட்டைகளும். எங்கேயும் அங்குலமோ சென்டிமீட்டரோ வரவில்லை பாருங்கள். காம்பஸை விரித்துச் சுருக்கியே முடித்துவிடலாம். இதைச் சின்னதாகவும் பெரியதாகவும் வரைந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விகிதம் என்ன வேலை செய்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

பொன்விகிதம் எழுதியது:

இவ்வளவு எண்கள் எதற்கு என்று தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பொன் விகிதமான 1.618 தானே? ஏதென்ஸின் பார்த்தனான் கோயிலின் முகப்பைச் சுற்றி, பக்கங்கள் அந்த விகிதத்தில் அமைந்த பொன் செவ்வகம் வரைந்த படங்களைப் பார்த்திருக்கிறேன், கச்சிதமாகப் பொருந்துகிறது. அதைக் கற்றுக்கொண்டால் தூண், சுவர், சன்னல் எல்லாவற்றுக்கும் பயன்படுமே.

அளவுகோல் எழுதியது:

பொன்விகிதம், அந்தப் படங்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் செவ்வகத்தின் அடிக்கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். ஒரு படத்தில் படிகளுக்குக் கீழே, இன்னொன்றில் படிகளுக்கு மேலே. மேல்கோடோ பெடிமென்ட் என்ற, உடைந்துபோன முகப்பு முக்கோணத்தின் உச்சிக்கும் மேலே, காற்றில் நிற்கிறது. கோட்டை இப்படி நகர்த்திக்கொள்ளலாம் என்றால் எந்த விகிதத்தையும் பொருத்திவிடலாம்.

அளந்த எண்களைப் பார்ப்போம். தூண்கள் நிற்கும் மேல்தளம் 30.88 மீட்டர் அகலம், 69.50 மீட்டர் நீளம். வகுத்துப் பாருங்கள், 4:9 வருகிறது. தூணின் அடிவிட்டம் சுமார் 1.9 மீட்டர், ஒரு தூணின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்குச் சுமார் 4.3 மீட்டர். அதுவும் 4:9. தூணும் என்டாப்ளேச்சரும் சேர்ந்த உயரம் சுமார் 13.7 மீட்டர். அதை முகப்பு அகலத்தோடு ஒப்பிட்டால் மறுபடி 4:9. உயரம், அகலம், நீளம் மூன்றையும் ஒரே வரிசையில் எழுதினால் 16:36:81. பொ.ஆ.மு. 447-இல் வேலை தொடங்கியவர்கள் இக்டினோஸும் காலிக்ராட்டீஸும். ஒரே விகிதத்தைத் தூணிலும் தளத்திலும் முழுக் கட்டடத்திலும் ஓடவிட்டிருக்கிறார்கள்.

பொன் விகிதத்தின் வரையறை நமக்கு யூக்ளிடின் நூலில்தான் கிடைக்கிறது. அது கோயில் கட்டி நூறாண்டுக்கு மேல் கழித்து வந்தது, அதிலும் வடிவியலாகத்தான் வருகிறது, கட்டட விதியாக அல்ல. விட்ருவியஸின் பத்துப் பாகங்களில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அவர் நம்புவதெல்லாம் சின்ன முழு எண்கள், அப்புறம் சதுரத்தின் மூலைவிட்டம். வீட்டு முற்றத்துக்கு 5:3, 3:2, அகலத்தின் மேல் வரைந்த சதுரத்தின் மூலைவிட்டத்தை நீளமாகக் கொண்ட செவ்வகம் என்று மூன்று வடிவம் சொல்கிறார். 1570-இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ அறைகளுக்குப் பரிந்துரைத்த ஏழு வடிவங்களும் அதே சிந்தனையின் தொடர்ச்சி: வட்டம், சதுரம், மூலைவிட்டச் செவ்வகம், 4:3, 3:2, 5:3, 2:1. கயிறும் முளைக்குச்சியும் வைத்துத் தரையில் குறிப்பதற்கு இவை எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள். 1.618-ஐ வேலையிடத்தில் குறிக்கச் சொன்னால் கொத்தனார் திணறுவார், 3:2 என்றால் உடனே குறித்துவிடுவார்.

பொன்விகிதம் எழுதியது:

நன்றி அளவுகோல். 4:9 இத்தனை இடத்தில் திரும்பத் திரும்ப வருவது எனக்குப் புதிது, வகுத்துப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஒரு சந்தேகம். 4:9 ஏன்? 1:2 போல இன்னும் எளிதான ஒன்றை எடுத்திருக்கலாமே?

அளவுகோல் எழுதியது:

அதற்கு அவர்கள் எழுதிவைத்த விளக்கம் எதுவும் நம் கையில் இல்லை. நாம் பார்க்கக்கூடியது கணக்கு மட்டும்: 4 என்பது இரண்டின் வர்க்கம், 9 மூன்றின் வர்க்கம், நடுவில் 6 வைத்தால் 4:6:9 என்று ஒரே படியில் ஏறுகிறது. நடுவில் சரியாக உட்காரும் எண்ணைத் தேடுவது பிற்காலத்திலும் தொடர்ந்தது. அறையின் நீள அகலத்திலிருந்து உயரத்தைக் கண்டுபிடிக்கப் பல்லாடியோ மூன்று வழி தருகிறார். 6 அடிக்கு 12 அடி அறை என்றால் கூட்டுச் சராசரி 9, இசைச் சராசரி 8. பெருக்குச் சராசரிக்கு அவர் எடுத்த உதாரணம் 4-ம் 9-ம், நடுவில் 6. இது வளைகூரை அறைகளுக்கு. தட்டையான கூரை என்றால் அகலம் எவ்வளவோ உயரமும் அவ்வளவு.

வரைபலகை எழுதியது:

நெடுந்தூண் அண்ணா, சொன்னபடி ஆட்டிக் அடித்தளத்தை வரைந்தேன். நான்காகப் பிரித்து ஒன்று, மீதியைச் சரிபாதி என்று போகும்போது கோடுகள் தாமாக இடம் கண்டுபிடித்துக்கொள்வது போல இருந்தது. இவ்வளவு வருடம் வரைந்ததில் இந்த அனுபவம் புதிது.

இப்போது கையில் இருக்கும் வேலையைக் கேட்கிறேன். ஒரு வீட்டின் கார் போர்டிகோ. இரண்டு மாடி உயரம், தரையிலிருந்து மேல் விளிம்பு வரை 20 அடி. முன்பக்கம் இரண்டு தூண், நடுவில் கார் போக 10 அடியாவது வேண்டும். லைப்ரரியில் இருக்கும் தூண் 12 அங்குல விட்டம். மேலே ஒரு அடி உயரத்துக்குப் பீம், அதன் மேல் முக்கோணம். கண்ணுக்கு உறுத்துகிறது. கணக்கில் எங்கே தவறு?

நெடுந்தூண் எழுதியது:

நல்ல கேள்வி, எண்ணோடு கேட்டிருக்கிறீர்கள். 20 அடி என்றால் 240 அங்குலம். பெடஸ்டல் இல்லை, ஆகவே ஐந்து பங்கு. ஒரு பங்கு 48 அங்குலம். தூண் 192 அங்குலம், என்டாப்ளேச்சர் 48.

192-ஐ 12-ஆல் வகுத்தால் 16 விட்டம். மிக ஒல்லியான கொரிந்தியனே 10 விட்டம்தான். உறுத்துவதன் முதல் காரணம் இது. சரியாக வர வேண்டுமென்றால் டோரிக்குக்கு 24 அங்குல விட்டம், ஐயோனிக்குக்கு 21-க்குக் கொஞ்சம் மேலே, கொரிந்தியனுக்கு 19-க்குக் கொஞ்சம் மேலே. உள்ளே இருக்கும் கான்கிரீட் தூண் 9-க்கு 12 ஆகவே இருக்கட்டும், வெளிக்கூடுதான் பெரிதாகிறது.

இரண்டாவது காரணத்தைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. மேலே நான்கு அடி வர வேண்டிய இடத்தில் ஒரு அடி பீம் வைத்திருக்கிறீர்கள். தூண் எதையோ தாங்குகிறது என்ற உணர்வு அந்த நான்கு அடியில்தான் இருக்கிறது. கீழிருந்து மேலாக ஆர்க்கிட்ரேவ், ஃபிரீஸ், கார்னிஸ் என்று மூன்று அடுக்கு. விக்னோலாவின் டோரிக்கில் அவை 1, 1½, 1½ மாட்யூல். உங்கள் கணக்கில் மாட்யூல் 12 அங்குலம், ஆகவே 12, 18, 18.

டோரிக்கை எடுத்தால் இன்னொரு கட்டுப்பாடும் வரும், எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது அதுதான். ஃபிரீஸில் செங்குத்துக் கோடுகள் கொண்ட ட்ரைகிளிஃப் ஒரு மாட்யூல் அகலம், இரண்டு ட்ரைகிளிஃபுக்கு நடுவில் வரும் பலகையான மெடோப் ஒன்றரை மாட்யூலில் சரியான சதுரம். ட்ரைகிளிஃப் ஒன்று ஒவ்வொரு தூணின் மையத்துக்கும் நேர் மேலே வந்தாக வேண்டும். அப்படியென்றால் தூண்களின் மைய தூரத்தை இஷ்டத்துக்கு வைக்க முடியாது, இரண்டரை மாட்யூலின் மடங்காகத்தான் வைக்கலாம். உங்களுக்கு அது 30 அங்குலம். 10 அடி இடைவெளியோடு ஒரு விட்டத்தைக் கூட்டினால் 144 அங்குலம். 30-இன் மடங்கில் அடுத்தது 150. மையத்துக்கு மையம் 12½ அடி வையுங்கள், காருக்கு 10½ அடி கிடைக்கும்.

ஆனால் அந்த இடைவெளி ஐந்து விட்டத்துக்கு மேலே போகிறது. விட்ருவியஸ் இடைவெளிகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்: ஒன்றரை விட்டம், 2, 2¼, 3, அதற்கும் மேலே. அவருக்குப் பிடித்தது 2¼, அதிலும் வாசலுக்கு நேரான நடு இடைவெளியை மட்டும் 3 ஆக்கச் சொல்கிறார். மிக நெருக்கமாக வைத்தால் கோயிலுக்கு வரும் பெண்கள் கைகோத்து உள்ளே போக முடியாது என்பது அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று. 3 விட்டம் என்றாலே கல் உத்தரம் உடைந்துவிடும் என்கிறார். அதற்கு மேலே போனால் மர உத்தரம்தான், பார்க்கவும் தாழ்ந்து பரந்து கனத்த தலையோடு இருக்கும் என்பது அவர் தீர்ப்பு. கான்கிரீட்டில் உடையாது. ஆனால் கண் இன்னும் கல்லின் கணக்கில்தான் பார்க்கிறது.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு பக்கமும் ஜோடித் தூண் வைப்பது. பாரிஸ் லூவ்ர் அரண்மனையின் கிழக்கு முகப்பில் 1667-இல் தொடங்கிய தூண் வரிசையில் அப்படித்தான் ஜோடி ஜோடியாக நிறுத்தி நடுவில் அகலமான இடைவெளி விட்டார்கள், கல் உத்தரத்துக்குள் இரும்பும் வைத்தார்கள். இன்னொன்று, போர்டிகோவை ஒரு மாடி உயரத்துக்கு இறக்கிவிடுவது. 10 அடி என்றால் தூண் 96 அங்குலம், டோரிக் விட்டம் சரியாக 12. உங்கள் லைப்ரரித் தூண் அங்கே பொருந்தும். ஆனால் கார் இடைவெளி பத்து விட்டமாகிவிடும், அதைத் தூணால் தீர்க்க முடியாது. கார் போகிற இடத்தில் சுவரும் வளைவும் வைத்து, தூணை நடந்து வரும் வாசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

பழைய_மெட்ராஸ் எழுதியது:

நல்ல இழை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சென்னைக்கு வரும்போது எழும்பூரில் உள்ள புனித ஆண்ட்ரூ கிர்க் என்ற தேவாலயத்தை ஒரு முறை பாருங்கள். 1821-இல் திறந்தது, டி ஹவிலாண்ட் என்ற ராணுவப் பொறியாளர் கட்டியது. லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் 1726-இல் முடித்த செயின்ட் மார்ட்டின் தேவாலயம்தான் முன்மாதிரி. அங்கே கல், இங்கே செங்கல்லும் சுண்ணாம்பும். சேற்று நிலம் என்பதால் கிணறுகளை இறக்கி அதன்மேல் அடித்தளம். முகப்பில் ஐயோனிக் தூண்கள். உள்ளே வட்டமான கூடம், கொரிந்தியன் தூண்கள் குவிமாடத்தைத் தாங்குகின்றன. மெட்ராஸ் சுண்ணச் சாந்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல ஆக்கியிருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வேலையும் சாந்தில்தான் நடக்கிறது. செங்கல்லில் கட்டி மேலே பூசினாலும் விகிதம் சரியாக இருந்தால் தூண் தூணாகத் தெரியும் என்பதற்கு அது கண்ணெதிரே இருக்கும் சான்று. தூணை ஒரு கயிற்றால் சுற்றிச் சுற்றளவு எடுத்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும். முதலில் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். 1802-இல் கோல்டிங்ஹாம் கட்டிய விருந்து மண்டபம், இப்போது ராஜாஜி மண்டபம், அதையும் பாருங்கள். கிரேக்கக் கோயில் வடிவம், அகலமான படிக்கட்டு. கோல்டிங்ஹாம் மெட்ராஸ் வானாய்வகத்தில் வானியலாளராக இருந்தவர்.

கிப்ஸ் 1732-இல் எழுதிய விதிநூலும் தம்பிக்கு உதவும். பின்னங்களே வராமல், உயரத்தைச் சமபங்குகளாகப் பிரித்துக்கொண்டே போகும் முறை அது. வேலையாட்களுக்காகவே எழுதியது.

மேசைவிளக்கு எழுதியது:

கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நெடுந்தூண் சார் சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனால் விக்னோலாவில் தொடங்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாணவர்கள் அந்த எண்களை இயற்கை விதி என்று நம்பிவிடுகிறார்கள். அப்புறம் எட்டு விட்டம் இல்லாத டோரிக்கைப் பார்த்தால் ‘தவறு’ என்கிறார்கள்.

தெற்கு இத்தாலியின் பேஸ்டத்தில் உள்ள கிரேக்க ஹேரா கோயிலின் பழைய டோரிக் தூண் சுமார் நாலரை விட்டம்தான். முகப்பில் ஒன்பது தூண், ஆக நடுவில் வாசலுக்குப் பதில் ஒரு தூண் நிற்கிறது. பார்த்தனானில் ஐந்தரை விட்டம். விட்ருவியஸே டோரிக் முதலில் 6 ஆக இருந்தது, பின்வந்தவர்கள் 7 ஆக்கினார்கள் என்கிறார், ஐயோனிக் 8-இலிருந்து 9 ஆனது என்கிறார். கிரேக்க டோரிக்குக் கீழே அடித்தளமே கிடையாது, தூண் நேராகத் தளத்திலிருந்து எழும். விக்னோலா தன் டோரிக்குக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட ரோமின் மார்செல்லஸ் அரங்கிலும் அடித்தளம் இல்லை. படத்தில் அவர் சேர்த்ததுதான்.

1682-இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் தேகோதே ரோமானியக் கட்டடங்களைத் துல்லியமாக அளந்து வெளியிட்டார். நூல்களில் இருந்த எண்களோடு கட்டடங்கள் ஒத்துப்போகவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு பிரெஞ்சுக்காரரான குளோத் பெரோ ஒரு பெரிய வாதத்தை வைத்தார். பொருளின் தரம், வேலையின் நேர்த்தி, இடவல ஒப்புமை இவை எல்லோரும் ஏற்கிற அழகு. தூண் எட்டா ஒன்பதா என்பது பழக்கத்தால் வந்த அழகு. பாரிஸ் கட்டடக்கலை அகாதமியின் தலைவர் பிளாண்டெல் இதைக் கடுமையாக எதிர்த்தார். நான் பெரோவின் பக்கம். அதனால் மாணவர்களிடம் முதலில் ஒரு உண்மையான கட்டடத்தைக் கொடுத்து அளக்கச் சொல்வேன். நூல் அப்புறம்.

நெடுந்தூண் எழுதியது:

மேசைவிளக்கு, நீங்கள் சொன்ன ஒவ்வொரு தகவலையும் ஏற்கிறேன். முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை. பேஸ்டம் தூணைப் பார்த்தவுடன் ‘இது பருமன்’ என்று உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது? மனதில் ஏற்கெனவே ஓர் அளவு பதிந்திருப்பதால்தான். அந்த அளவு இல்லாத மாணவனிடம் கட்டடத்தைக் கொடுத்தால் எண்களைக் குறித்துக்கொண்டு வருவான். எது முக்கியம், எது தற்செயல் என்று பிரிக்கத் தெரியாது. முதலில் ஒரு விதி கையில் ஏறட்டும். விலகலை அதன் பிறகு கட்டடமே காட்டும்.

பெரோவின் வாதத்தில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. ஒற்றை எண் பழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஏழோ எட்டோ இரண்டும் வாழும். ஆனால் எண்களுக்கு இடையிலான உறவு பழக்கம் மட்டும் அல்ல. விட்ருவியஸில் நெருக்கமான வரிசைக்குத் தூண் 10 விட்டம் உயரம், 3 விட்டம் இடைவெளி என்றால் எட்டரை, அதற்கும் அகலமானால் 8. இடைவெளி கூடக் கூடத் தூண் தடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவிலிருக்கும் வெளிச்சம் தூணைத் தின்றுவிடும் என்பது அவர் காரணம். இது பாரிஸ் அரசவையின் ரசனை அல்ல. வெளிச்சத்துக்கு எதிரே நிற்கிற எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் தெரியும். மூலைத் தூணுக்குப் பின்னால் திறந்த வானம் இருப்பதால் அதை ஐம்பதில் ஒரு பங்கு தடிப்பாக்கச் சொல்வதும் அதே காரணத்துக்குத்தான். வரைபலகை கற்க வேண்டியது இந்த உறவை.

மேசைவிளக்கு எழுதியது:

இடைவெளியும் தடிமனும் சேர்ந்து மாறுவது கண்ணின் வேலை, அதில் எனக்குச் சண்டை இல்லை. அதையே அளந்து கண்டுபிடித்தால் மனதில் நிற்கும் என்பதுதான் என் அனுபவம். வரைபலகை ஏற்கெனவே வேலையில் இருப்பவர், கல்லூரி மாணவர் அல்ல. அவருக்கு உங்கள் வழி விரைவாகப் பயன் தரும், அதை மறுக்கவில்லை. டோரிக்கை முடித்ததும் கிர்க்குக்குப் போய் அளந்து, விக்னோலாவோடு எங்கே விலகுகிறது என்று இங்கே எழுதச் சொல்லுங்கள்.

சிற்பி_வீட்டுப்_பிள்ளை எழுதியது:

எங்கள் வீட்டில் கோயில் வேலை. அப்பா சிலையின் முக நீளத்தை அலகாகக் கொண்ட தாள முறையில் அளவு போடுவதைப் பார்த்து வளர்ந்ததால் இந்த இழையை ஆசையோடு படித்தேன். இந்த இரண்டு மரபையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார்: தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் நீதித்துறையில் பணியாற்றிய ராம் ராஸ். மானசாரம் உள்ளிட்ட சில்ப நூல்களைச் சிற்பிகளின் உதவியோடு படித்து, உபபீடம் (அடிப்பீடம்), அதிஷ்டானம் (அடித்தளம்), தூண், பிரஸ்தரம் (தூணுக்கு மேலுள்ள உத்தரப் பகுதி) ஆகியவற்றைக் கிரேக்க ரோமானிய உறுப்புகளோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதினார். அவர் இறந்த பிறகு 1834-இல் லண்டனில் அச்சாயிற்று. படங்கள் அருமையாக இருக்கும்.

ஒரு வேண்டுகோள். இரண்டையும் ஒப்பிட்டுப் படியுங்கள், வரைபடத்தில் கலக்காதீர்கள். கொரிந்தியன் தண்டின் மேல் நம்மூர்க் கோயில் தூணின் தலைப்பகுதியான போதிகையை வைத்த வீடுகளைப் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது. ஒவ்வொரு முறையிலும் கீழே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் கணக்கு ஒன்று. பாதியில் மாற்றினால் இரண்டுமே கெட்டுவிடும்.

வரைபலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டோரிக் முழுவதும் கையால் வரைந்து முடித்தேன். ட்ரைகிளிஃப் மூலையில் வரும்போது சிக்கியது, மையத்தில் வைத்தால் ஓரத்தில் பாதி மெடோப் மிஞ்சுகிறது. விக்னோலாவிலும் அப்படித்தான் இருப்பதைப் பார்த்து விட்டுவிட்டேன். வீட்டுக்காரரிடம் ஒரு மாடி போர்டிகோவையும் ஜோடித் தூணையும் வரைந்து காட்டினேன். அவருக்கு ஜோடித் தூண்தான் பிடித்திருக்கிறது, 20 அடி உயரத்தை விடமாட்டேன் என்கிறார். 24 அங்குல விட்டத்துக்கு ஒத்துக்கொண்டார்.

இப்போது தூணின் வளைவு. மேலே போகப் போகச் சிறுப்பது தெரியும். எவ்வளவு சிறுக்க வேண்டும்? நேர்கோடாகவா, வளைவாகவா? 16 அடிக்கு இவ்வளவு மெல்லிய வளைவைத் தாளில் எப்படி வரைவது?

அளவுகோல் எழுதியது:

மூலைப் பிரச்சினையில் சிக்கியது நீங்கள் மட்டும் இல்லை. கிரேக்கர்கள் ட்ரைகிளிஃபை மூலைக்கே தள்ளிவிட்டுக் கடைசித் தூணை உள்ளே நகர்த்தினார்கள். பார்த்தனானில் ஓர இடைவெளி மற்றதைவிடக் குறுகலாக இருப்பது அதனால்தான். ரோமானியர்கள் பாதி மெடோப்பை விட்டார்கள். விட்டது சரி.

சிறுப்பதற்கு விட்ருவியஸ் ஒரு பட்டியலே தருகிறார். 15 அடி வரை உள்ள தூணுக்கு அடிவிட்டத்தை ஆறாகப் பிரித்து மேலே ஐந்து. 15 முதல் 20 அடி வரை ஆறரையில் ஐந்தரை. 20 முதல் 30 வரை ஏழில் ஆறு. உயரம் கூடினால் தூரமே மேல்பகுதியைச் சிறிதாக்கிவிடும், நாம் குறைவாகச் சிறுக்கினால் போதும் என்பது காரணம். உங்கள் தூண் 16 அடி, ஆகவே இரண்டாவது வரிசை. 24 அங்குலம் மேலே 20-க்குச் சற்று மேலே வரும். உள்ளே கான்கிரீட் 9-க்கு 12-இன் மூலைவிட்டம் 15 அங்குலம்தான், இடம் இருக்கிறது.

வளைவைப் பற்றி விட்ருவியஸ் நூலின் கடைசியில் படம் தருவதாகச் சொல்கிறார். அந்தப் படம் காலத்தில் தொலைந்துவிட்டது. ஆனால் 1979-இல் ஹாசல்பெர்கர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், இன்றைய துருக்கியில் உள்ள டிடிமா அப்பல்லோ கோயிலின் உட்சுவர்களில் ஒரு அதிசயத்தைக் கண்டார். சுவரின் பளிங்கில் மெல்லிய கீறல்களாக வேலை வரைபடங்கள். அவற்றில் ஒன்று தூணின் வளைவு. அகலத்தை முழு அளவில் வைத்து, உயரத்தை மட்டும் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள், ஒரு அடிக்கு ஒரு விரல். அப்படிச் சுருக்கினால் கண்ணுக்கே தெரியாத வளைவு தெளிவாகத் தெரிகிற வில்லாகிவிடும். காம்பஸால் ஒரே வீச்சில் போட்டு, ஒவ்வொரு விரல் உயரத்திலும் அகலத்தை அளந்து கல்லுக்கு மாற்றினால் வேலை முடிந்தது.

நீங்களும் அப்படியே செய்யலாம். 192 அங்குலத்தைப் பதினாறால் வகுத்தால் 12 அங்குலம், ஒரு தாளில் அடங்கிவிடும். மறுமலர்ச்சிக் காலத்து வழக்கப்படி கீழ் மூன்றில் ஒரு பங்கை நேராக விட்டு, அதற்கு மேலே வில்லைத் தொடங்குங்கள். ஒவ்வொரு அங்குலக் கோட்டிலும் பாதி அகலத்தைக் குறித்து அட்டவணை போடுங்கள். தூண் வார்க்கும் அச்சு செய்கிறவருக்கு அந்த அட்டவணையைக் கொடுத்தால் போதும்.

மேஸ்திரி_மகள் எழுதியது:

வரைபலகை தம்பி, நான் சாந்து வேலை எடுத்துச் செய்கிறேன். வரைபடத்தில் அழகாக இருக்கும் கார்னிஸ் வேலையிடத்துக்கு வரும்போது பாதியாகிவிடும். துருத்தலைக் குறைத்துவிடுவார்கள், செலவு மிச்சம் என்று. விட்டுக்கொடுக்காதீர்கள். கார்னிஸ் எவ்வளவு உயரமோ அவ்வளவு வெளியே வர வேண்டும் என்பது பழைய விதி. உங்களுக்கு 18 அங்குலம். நம் வெயிலில் அந்த 18 அங்குலத்தின் நிழல்தான் ஃபிரீஸைத் தனியாகக் காட்டும். அது குறைந்தால் நான்கு அடியும் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரியும்.

துருத்தலை ஸ்லாப் போடும்போதே கம்பியோடு வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். பிறகு செங்கல் அடுக்கிச் சாந்தில் இழுத்தால் முதல் மழைக்காலத்தில் விரிசல் விடும். முகப்புப் பட்டையின் அடியில், விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளக் கோடு நீளவாக்கில் இழுக்க வேண்டும். ரோமானியக் கார்னிஸிலும் அடிப்பக்கம் குழிந்துதான் இருக்கும், தண்ணீர் உள்ளே ஓடிவராமல் அங்கேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் ட்ரைகிளிஃப் எல்லாம் இரண்டே வருடத்தில் கறுத்துப்போகும்.

வளைவுகளை இழுக்கத் தகட்டில் வெட்டிய அச்சு வேண்டும். முழு அளவில் தாளில் வரைந்து கொடுங்கள், கணினிப் படத்தைப் பார்த்து யாரும் தகடு வெட்ட மாட்டார்கள். தூணின் தலைப்பகுதியான கேப்பிட்டலுக்கும் அடித்தளத்துக்கும் தனித்தனித் தாள், ஒவ்வொன்றிலும் மையக்கோடு போட்டிருக்கட்டும். முதல் அச்சு வந்ததும் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.